முதலில் ஏறிய விறகு

கணவன் தகரப் பெட்டியைத் திறந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்தான். சட்டை நுனியால் துடைத்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துத் தேதியைப் படித்தான். அவ்வளவுதான் செய்தான். விறகுக்காரம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

ஆறு வருடமாக அந்த லைசென்ஸ் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. விறகு லாரியை மறித்து அதைக் கேட்பதற்கு அந்தச் சாலையில் ஆளே கிடையாது.

"எதுக்கு இப்ப அதைப் பாக்கறீங்க?"

"சும்மாதான். இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"சும்மா யாராவது லைசென்ஸைப் பார்ப்பாங்களா?"

அவன் அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அண்ணன் போன் பண்ணினான். அவன் கம்பெனியில டிரைவர் எடுக்கறாங்களாம். சிமெண்ட் லோடு, பெரிய வண்டி. மாசச் சம்பளம். சனிக்கிழமைக்குள்ள வர்றியா இல்லையான்னு சொல்லணுமாம்."

"ம்" என்றாள் அவள்.

அவன் அண்ணன் இருந்தது துறைமுக நகரத்தில், இருநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே சேர்ந்தவர்கள் பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார்கள், வந்ததும் தூங்குவார்கள், எழுந்ததும் கிளம்புவார்கள். அண்ணன் மனைவி அப்படித்தான் பதினோரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். "என் புருஷன் முகம் எனக்கு போட்டோவுல பார்த்தாத்தான் நல்லா ஞாபகம் இருக்கு" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். விறகுக்காரம்மா அப்போது கூடச் சேர்ந்து சிரித்திருந்தாள்.

போகாதே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால், 'சரி, இங்கே இருந்து என்ன சாப்பிடுவது?' என்று அவன் கேட்பான். கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அன்று திங்கட்கிழமை. பதில் தேட ஐந்து நாள் இருந்தது.

அவளுக்கு வயது முப்பத்தாறு. சுற்று வட்டாரம் முழுக்க அவளை விறகுக்காரம்மா என்றுதான் கூப்பிடும். மரம் அறுக்கும் மில்லிலிருந்தும், தோப்புகளில் வேண்டாத மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் கட்டை வாங்கி, பட்டறையில் அடுக்கி ஆறு மாதம் காய வைத்து, பிளந்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். பக்கத்து ஊர் டெப்போவில் விறகு இவர்களைவிட மலிவு. ஆனால் அங்கே போய் நாமே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இவர்களிடம் போன் செய்தால் போதும், வாசலுக்கு வரும். வாசலுக்கு வரும் என்ற இரண்டு வார்த்தையில்தான் ஆறு வருடம் அடுப்பு எரிந்தது. இப்போது அந்த இரண்டு வார்த்தையே அவர்களைத் தின்றுகொண்டிருந்தது. ஒரே வருடத்தில் டீசல் இரண்டு தடவை ஏறிவிட்டது. விறகு விலையை ஏற்றினால் ஜனங்கள் டெப்போ பக்கம் திரும்பிவிடுவார்கள். ஏற்றாவிட்டால் லாரி ஒவ்வொரு நாளும் கையிலிருந்து போட்டுக்கொண்டு ஓடும்.

தொழிலில் மூன்று பேர். அவள் ஆபீஸில் இருப்பாள். ஆபீஸ் என்றால் தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு போன், கார்பன் தாள் வைத்த பில் புத்தகம். மறுநாளைக்கான ஆர்டர் வர வர எழுதுவாள். மூன்று பிரதி விழும். ஒன்று ஃபைலுக்கு. ஒன்று பஞ்சுவுக்கு. ஒன்று கணவனுக்கு.

பஞ்சு என்பவன் நூறு கிலோவுக்கு மேல் இருப்பான். இரண்டு ஆள் உருட்டும் கட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பஞ்சு மாதிரி இருக்கு அண்ணி" என்பான். அதனால் அந்தப் பெயர். விறகு பிளப்பதும் லாரியில் ஏற்றுவதும் அவன் பொறுப்பு. ஒருவர் விறகு இன்னொருவர் விறகோடு கலந்துவிடாமல் இடையிடையே பழைய சாக்கு விரிப்பான். ஏற்றி முடித்த லாரியைப் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கு அடுக்காக, ஆறு வீட்டுக்கு ஆறு அடுக்கு, கத்தியால் வெட்டினது மாதிரி இருக்கும். அதில் அவனுக்குப் பெருமை.

ஓட்டுவதும் இறக்குவதும் கணவன்.

புதன்கிழமை மத்தியானம் போன் சும்மா இருந்தது. அவள் டீசல் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணவன் எழுதி வைத்திருந்தான். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று ஆறு. நூற்றுப் பத்து. ஒழுங்கான மனிதன், ஒரு நாளும் விட்டதில்லை.

நூற்றுப் பத்து என்ற எண்ணை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய வாடிக்கையாளர்களிலேயே தூரம் மலை உச்சியில் பயணிகள் தங்கும் விடுதி. முப்பத்து நாலு கிலோமீட்டர். போக வர அறுபத்தெட்டு. மற்ற எல்லோரும் அந்தச் சாலையிலேயோ அதிலிருந்து பிரியும் சந்துகளிலேயோ இருப்பவர்கள். சந்துகளுக்கு ஒன்றிரண்டு சேர்த்தாலும் எழுபதைத் தாண்டக் கூடாது.

மீதி நாற்பது கிலோமீட்டர் எங்கே போகிறது?

முதலில் பாலம் ஏதாவது உடைந்திருக்கும் என்று நினைத்தாள். சாலை அவனுக்குத் தெரியும், காரணம் இல்லாமல் சுற்றமாட்டான். பிறகு வேறொரு நினைப்பு வந்தது. தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் யாராவது இருக்குமா? உடனே தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். அந்த மனிதனுக்கு ஒரு ரகசியத்தை மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூட வைத்திருக்கத் தெரியாது. ஆனாலும் சீட்டுகளை மேஜை டிராயரில் தனியாக எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் சொன்னாள்: "நாளைக்கு நானும் வண்டியில வர்றேன்."

"நீயா? போனை யாரு எடுப்பா?"

"போனைக் கையில எடுத்துக்கறேன். பேக்கரி அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

"வாயேன்" என்றான் அவன். திருட்டு முழி முழிக்கிறானா என்று பார்த்தாள். முழிக்கவில்லை. சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது. அவள் உட்காரும் இடத்தில் கிடந்த ஸ்பேனர்களை அப்போதே போய் எடுத்து வைத்தான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பஞ்சு ஏற்றி முடித்திருந்தான். ஆறு ஆர்டர், ஆறு அடுக்கு. லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. கல்யாணமான புதிதில் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. அப்போது கண்ணாடியில் விரிசல் கிடையாது.

மூன்றாவது கிலோமீட்டரில் பேக்கரி. ரொட்டி வாசனை சாலைக்கே வந்தது. பேக்கரிக்காரம்மா வாசலில் நின்று கையை உயரத் தூக்கி ஆட்டினாள். கணவனும் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினான். லாரி நிற்காமல் போய்விட்டது.

"நல்ல மனுஷி" என்றான். "தினமும் தவறாம கை காட்டுவாங்க."

"அவங்களுக்கு இறக்க வேண்டாமா?"

"அது கடைசிலதான். அவங்க கட்டை உள்ள அடியில கெடக்கு."

அவள் பட்டியலை எடுத்து விரித்தாள். ஐந்தாவது கிலோமீட்டரில் சலவைக்கூடம் போனது. ஒன்பதாவதில் பானைச் சூளை. பதினாலில் பள்ளி விடுதி. இருபதில் ஏரிக்கரையில் ரிட்டயர்டு நர்ஸ் வீடு. எல்லோர் பெயரும் அவள் கையிலிருந்த பட்டியலில் இருந்தது. யார் வீட்டிலும் வண்டி நிற்கவில்லை. இருபத்து நாலாவது கிலோமீட்டரில் மலை ஆரம்பித்தது.

மூன்று டன் எடையோடு லாரி மலை ஏறியது. ஏறியது என்று சொல்வது மரியாதைக்காக. முதல் கியரில், கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இப்போது நின்றுவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டு போனது. பால் கேன் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒரு ஆள் அவர்களைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, "மேல போய்ச் சொல்லிடறேன், வந்துட்டிருக்கீங்கன்னு" என்றார்.

"தினமும் இதையேதான் சொல்வாரு" என்றான் கணவன்.

டீசல் முள் கண்ணெதிரே இறங்குவதை அவள் பார்த்தாள்.

விடுதிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். தோளில் போர்வை. விறகுக்காரம்மாவைப் பார்த்ததும் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது.

"அம்மா, நீங்களே வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. காலங்காத்தால வந்து கட்டையை உருட்டினா தங்கியிருக்கறவங்க எல்லாம் எந்திரிச்சு சண்டைக்கு வர்றாங்க. மத்தியானம் ஒரு மணிக்கு வந்தா என்ன? எத்தனை தடவை இவர்கிட்ட சொல்றது?"

"எங்கிட்ட எப்ப சொன்னீங்க?" என்றான் கணவன்.

"முகத்துல காட்டறேனேய்யா தினமும்."

விறகை இறக்கிவிட்டு மலை இறங்கினார்கள். நர்ஸ் வீட்டு வாசலைக் கடந்தார்கள். நர்ஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பள்ளி விடுதியைக் கடந்தார்கள். பானைச் சூளையில் நின்று இறக்கினார்கள். பிறகு லாரியைத் திருப்பி, வந்த வழியே பதினோரு கிலோமீட்டர் போய் நர்ஸுக்கு இறக்கினார்கள். "போறப்ப ஒரு தடவை பார்த்தேன், வர்றப்ப ஒரு தடவை பார்த்தேன்" என்றார் நர்ஸ். "என்னம்மா, ஊர்வலமா?" அங்கிருந்து திரும்பி, பள்ளி விடுதியை மறுபடி கடந்து, சூளையை மறுபடி கடந்து, சலவைக்கூடம். பிறகு மறுபடி திரும்பி, சூளையை இன்னொரு முறை கடந்து, பள்ளி விடுதி. சூளைக்காரர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று பார்த்தார். நாலாவது முறை எழுந்திருக்கவில்லை.

நாற்பது கிலோமீட்டர் எங்கே போகிறது என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கேயும் போகவில்லை. இந்தச் சாலையிலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது.

கேட்கலாம் என்று பலமுறை வாயைத் திறந்தாள். கேட்கவில்லை. அவன் ஏதோ ஒரு கணக்கு வைத்துத்தான் ஓட்டுகிறான் என்று இன்னமும் தோன்றியது. அவ்வளவு நிதானமாக ஓட்டினான். ஒவ்வொரு இடத்திலும் வேறு வழியே இல்லை என்பது போலத் திருப்பினான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பேக்கரி வாசலில் வண்டி நின்றது. பேக்கரிக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, உன்னை நேர்ல பார்த்துக் கேக்கணும்னு இருந்தேன். திங்கக்கிழமை, செவ்வாக்கிழமை, எல்லா நாளும் விடிஞ்சதும் முதல் போன் நான்தான் பண்றேன். பண்றேனா இல்லையா?"

"பண்றீங்க அக்கா."

"'உங்களுக்குத்தான் அக்கா முதல்ல'ன்னு நீ சொல்றியா இல்லையா?"

"சொல்றேன். பட்டியல்ல உங்க பேரைத்தான் முதல்ல எழுதறேன்." பில் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். முதல் வரி: பேக்கரி.

"அப்ப ஏன் எனக்குக் கடைசில வருது? இந்த மனுஷன் காலையில என் வாசல் வழியாத்தான் போறாரு. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு நான் கையைக் காட்டறேன். இவரு என்னமோ தேர்தல்ல நிக்கறவரு மாதிரி திருப்பிக் கையைக் காட்டிட்டுப் போயிடறாரு."

கணவன் ஒரு கட்டையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி அப்படியே நின்றான். "அது நிறுத்தச் சொன்னதா?"

"பின்னே? உன் அழகைப் பார்த்துக் கும்பிட்டேன்னு நெனச்சியா?"

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா."

பேக்கரிக்காரம்மா ஒரு கணம் சிரிப்பதா திட்டுவதா என்று யோசித்தது தெரிந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு பன்னைக் கையில் கொடுத்து, "கேஸ் அடுப்பு விக்கறவன் வாரம் ஒருக்கா வந்து நிக்கறான். நான் இன்னும் அவனை உக்காரச் சொல்லல. அதை ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றாள்.

பட்டறைக்குப் போகும் மூன்று கிலோமீட்டரில் அவள் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எதுக்கு முதல்ல மலைக்குப் போனீங்க?"

"விடுதிக்காரருக்குக் காலையிலேயே விறகு வேணும், ஆளுங்க எந்திரிச்சதும் வெந்நீர் போடணும், அதுக்காக நீ அப்படி வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"நான் வெச்சிருக்கேனா? சூளைக்கு அப்புறம் ஏன் நர்ஸ் வீட்டுக்குத் திரும்பிப் போனீங்க?"

"அவங்க காலையில ஏரிக்கரையில நடக்கப் போவாங்க, வர்றதுக்கு நேரமாகும். அதனால நீ..."

"அவங்களுக்கு முட்டியில வலி. நடக்கவே மாட்டாங்க."

"அப்படியா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "பேக்கரியைக் கடைசியா வெச்சது, கடைசியா இறக்கினா ஒரு வாய் டீ குடிச்சிட்டு வீட்டுக்கு வரலாம், எனக்காக வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் போன் வர்ற வரிசையில எழுதறேங்க. யாரு முதல்ல கூப்பிட்டாங்களோ அவங்க பேரு முதல்ல. வேற ஒண்ணும் கிடையாது. நீங்க சாலை தெரிஞ்சவரு, பார்த்துப் போவீங்கன்னு இருந்தேன்."

"நான் பட்டியலைப் பார்த்து ஓட்டறதில்ல. கதவைத் திறந்தா எது முன்னால இருக்கோ அதைத்தானே முதல்ல இறக்க முடியும்? உள்ள இருக்கறதை எடுக்கணும்னா மொத்தத்தையும் கலைக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "முதல் மாசமே ஒரு தடவை உங்கிட்ட கேட்டேன். ஏன் இப்படிச் சுத்தறோம்னு. நீ போன்ல பேசிட்டிருந்த. 'பட்டியல்ல இருக்கறபடியே போங்க'ன்ன. சரி, உனக்கு ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள். போன் காதில் இருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

பட்டறையில் பஞ்சு ஒரு கட்டை மேல் உட்கார்ந்து கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பஞ்சு, வண்டியில எதை முதல்ல ஏத்துவ?"

"பட்டியல்ல முதல்ல யாரு இருக்காங்களோ அவங்களுதை, அண்ணி."

"ஏன்?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "முதல்ல இருக்கறவங்களை முதல்லதானே ஏத்தணும்? பஸ்ஸுல கூட அப்படித்தானே?"

"பஸ்ஸுல ஏறினவங்க நடுவுல எந்திரிச்சு இறங்குவாங்க. கட்டை எந்திரிச்சு வருமா?"

பஞ்சு லாரியைப் பார்த்தான். திறந்து கிடந்த அதன் காலியான பின்பக்கத்தைப் பார்த்தான். முகம் மெதுவாக மாறியது. "முதல்ல ஏறினது உள்ள போயிடும்" என்றான். "உள்ள போனது கடைசில வரும்."

"அதுதான்."

"நான் ஒரு நாளும் தப்பா ஏத்தினதில்ல அண்ணி" என்றான். கோடாலியைக் கீழே வைத்தான்.

"இல்லப்பா. நீயும் தப்பா ஏத்தல, நானும் தப்பா எழுதல, அவரும் தப்பா ஓட்டல."

"அப்ப தப்பைப் பண்ணினது யாரு?"

பஞ்சு இருவர் முகத்தையும் பார்த்தான். கணவன்தான் முதலில் சிரித்தான். மலைச்சாலையில் சைக்கிள்காரர் தினமும் முந்திப் போவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்துச் சிரித்து லாரியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டான். பஞ்சுவும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறோம், அதுவும் தினமும், டீசல் போட்டுத் தொட்டிருக்கிறோம் என்று இருந்தது. நாளைக்கு நாற்பது என்றால் மாதம் ஆயிரம் கிலோமீட்டர்.

"உங்க அண்ணன் ஊருக்கு ரெண்டு தடவை போயிட்டு வரலாம்" என்றாள்.

அண்ணன் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். லைசென்ஸ் அங்கேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் பட்டறைத் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் ஒரு நீளக் கயிற்றைச் சாலையாக விரித்தாள். பஞ்சு சிராய்த் துண்டுகளை எடுத்து வந்தான். பெரிய துண்டு பேக்கரி, வளைந்த துண்டு சூளை, ஒல்லியான துண்டு நர்ஸ். மலைக்குக் கயிற்றின் ஒரு நுனியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு வந்திருந்த ஏழு ஆர்டரையும் கயிற்றோரம் வைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்: பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். போகப் போக வண்டி லேசாகும். மலை ஏறும்போது விடுதி விறகு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். திரும்பி வரும்போது காலி வண்டி. அதற்கு விடுதி விறகு முதலில் ஏற வேண்டும், பேக்கரி விறகு கடைசியில்.

அவள் புதிதாக ஒரு பட்டியல் எழுதினாள். மேலே "ஏற்றும் வரிசை" என்று போட்டு அடிக்கோடு இட்டாள். பக்கத்தில் "இறக்கும் வரிசை" என்று இன்னொன்று. பஞ்சு இரண்டையும் மாறி மாறிப் படித்துவிட்டு, "ஒண்ணைத் தலைகீழாப் பிடிச்சா இன்னொண்ணு" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி கேட்டைத் தாண்டவே இல்லை. பேக்கரிக்குப் போவது எப்போதும் கனமான முண்டுக் கட்டை. அது முழுவதும் பின்னால் உட்கார்ந்துகொண்டது. கணவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி கேட்காமல் நேராகப் போனது. "மூக்கைத் தூக்குது" என்று பின்னால் எடுத்தான். அவள் ஆபீஸ் வாசலிலிருந்து ஓடி வந்தாள். இதுவும் சரிவராது போலிருக்கிறது, நாளை சனிக்கிழமை.

ஆனால் பஞ்சு ஏற்கெனவே வண்டி மேல் ஏறியிருந்தான். நேற்றைய வாட்டம் இப்போது இல்லை. பேக்கரிக் கட்டையைப் பின்னால் மலையாகக் குவிக்காமல், இடது பக்கத்துப் பலகையோரமாகப் பாதி வண்டி நீளத்துக்குத் தாழ்வாகப் பரப்பினான். கையை நீட்டினால் எடுக்கலாம், எடை நடுவில் நிற்கும். எடை சரியாக, சலவைக்கூடத்துக் கட்டையை வலது பக்கத்தில் அதே போல. விடுதியின் பெரிய கட்டைகளை முன்னால், கேபினை ஒட்டி. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுக்கு கத்தியால் வெட்டினது மாதிரி இல்லை. பஞ்சு அதை ஒருமுறை வருத்தத்தோடு பார்த்துவிட்டு, "போங்க அண்ணே" என்றான்.

அவள் ஆபீஸில் இருந்தாள். ஏழு மணிக்குப் போன் அடித்தது. பேக்கரிக்காரம்மா.

"வண்டி நின்னுச்சு" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

வழக்கமாக மூன்று மணிக்கு வரும் லாரி அன்று பன்னிரண்டே முக்காலுக்குப் பட்டறைக்குள் நுழைந்தது. கணவன் இறங்கும்போதே எண்ணைச் சொன்னான்: "எழுபத்திரண்டு." சூளைக்காரர் நலம் விசாரித்தாராம், உடம்பு சரியில்லையா, ஒரே ஒரு தடவைதான் போகிறாயே என்று. மலையில் இரண்டாம் நடை பால் கொண்டுபோன சைக்கிள்காரரை இவன் முந்திவிட்டானாம். அந்த மனிதர் கேனைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றாராம்.

அவள் சாப்பாட்டுக்கு முன் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். வண்டி கையிலிருந்து போட்டுக்கொண்டு ஓடிய பணத்தில் பாதிக்குமேல் மிச்சமாகிறது. முழுவதும் ஆகவில்லை. மீதியைத் தின்றது மலை. விடுதிக்காரர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறார். ஒரு கை விறகுக்காக வண்டி பதினாலு கிலோமீட்டர் கூடுதலாகப் போய் வருகிறது. அவர் வாரத்துக்கு இரண்டு நாள் மொத்தமாக வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகும். வாங்குவாரா என்பது வேறு கேள்வி. அவர் முகத்தில் காட்டுகிற ரகம்.

கணக்கைக் கணவனிடம் காட்டினாள். அவன் பொறுமையாகப் படித்தான். "நல்லா இருக்கு" என்றான். போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது. கை பழக்கத்தில் பென்சிலை எடுத்துக்கொண்டுதான் எடுத்தாள்.

"என்னம்மா, உன் புருஷன் என்ன முடிவு பண்ணியிருக்கான்? மேனேஜர் பக்கத்துலயே நிக்கறாரு" என்றது அவன் அண்ணனின் குரல். பின்னால் பெரிய வண்டிகளின் ஹாரன் கேட்டது.

"இருங்க, அவரைக் கூப்பிடறேன்" என்றாள்.

கணவன் லாரிக்கு அடியில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்து, கையைக் கந்தலில் துடைத்து, ஆபீஸுக்குள் வந்து போனை வாங்கினான். பேசவில்லை. பேசும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"என்ன சொல்லட்டும்?"

"நீங்க என்ன நெனக்கறீங்க?"

"நான் நெனக்கறது இருக்கட்டும். திங்கக்கிழமை உங்கிட்ட சொன்னப்ப 'ம்'னு ஒரு வார்த்தைதான் சொன்ன. போகட்டும்னு நெனக்கறபோல, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு..."

"காரணம் இருக்கும்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்களா?"

"ஆமா."

"பேக்கரிக்காரம்மாவுக்குக் கை காட்டினீங்களே, அந்த மாதிரி."

அவன் போனைக் கொஞ்சம் இறக்கினான். உள்ளங்கைக்குள்ளிருந்து அண்ணன் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது பூச்சி பறப்பது போலக் கேட்டது.

அவள் பென்சிலை மேஜை மேல் வைத்தாள். "ஒரு காரணமும் இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் 'ம்'னேன். நீங்க போக வேண்டாம். இந்தக் கணக்கு நேராகலேன்னாலும் போக வேண்டாம். நேராக்க வேற ஏதாவது பார்க்கலாம். இதைத் திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும்."

"திங்கக்கிழமையே சொல்லியிருந்தா நான் லைசென்ஸைத் திரும்பப் பெட்டியில வெச்சிருப்பேன்" என்றான் அவன். "இந்தப் பையில அது குத்திக்கிட்டே இருக்கு."

கையை எடுத்துவிட்டுப் போனில் சொன்னான்: "அண்ணே, நான் வரல. இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க வழி இப்பத்தான் சரியாகியிருக்கு. அதை விட்டுட்டு வர முடியாது." அண்ணன் நிறையப் பேசினான். இவன் நிறையத் தலையாட்டினான், போனில் தெரியாது என்ற நினைப்பே இல்லாமல். கடைசியில் வைத்துவிட்டு, லைசென்ஸை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி டிராயரில், டீசல் சீட்டுகளுக்கு மேல் போட்டாள்.

"திங்கக்கிழமை மலை உண்டா?" என்று வாசலிலிருந்து கேட்டான்.

"இல்ல. இனிமே செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான்."

"விடுதிக்காரருக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது" என்றாள். போனைத் தன் பக்கம் இழுத்து எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டிருந்தது. கணவன் லாரிக்கடியில் திரும்பப் போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றான், அந்தப் பக்கத்து முகம் எப்படி இருக்கப் போகிறது என்று கேட்பதற்கு.